பெலி கேட்ட வில்வம்

பிள்ளைகளே, நேற்று நீங்கள் இரண்டு பேரும் வில்வக்காயைக் கல்லில் போட்டு உடைத்து, விதையைச் சுற்றியிருந்த பிசினை ஈர்க்கால் வழித்துப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். திட்டலாம் என்றுதான் கிட்டே வந்தேன். வந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா ஏன் சிரிக்கிறாங்க?" என்று சின்னவள் கேட்டாள். அந்தக் கதையை வாயால் சொன்னால் பாதியிலேயே நான் குதிக்க ஆரம்பித்துவிடுவேன், நீங்கள் கதையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். ஆகையால் எழுதுகிறேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு மட்டும். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பு நடந்தது இது. உங்கள் அம்மாவும் நானும் கலியாணம் கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்போது நாங்கள் பதுளைக்கு வரவில்லை. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் ஒரு காம்பராவில் குடியிருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். பக்கத்துக் காம்பராவில் உங்கள் மாமா, அதாவது எனக்கு மச்சான்.

எனக்குத் தபால் சுமக்கிற வேலை. தோட்டத்தில் எல்லோரும் என்னைத் 'தப்பால்' என்றே கூப்பிடுவார்கள். காலையில் ஆபீசில் பூட்டுப் போட்ட பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நாலு மைல் கீழே கொஸ்லந்தைத் தபால் கந்தோருக்கு இறங்குவேன். அங்கே அந்தப் பையைக் கொடுத்து வேறு பை வாங்கிக்கொண்டு நாலு மைல் ஏறுவேன். திரும்பி வந்து பை திறந்த பிறகு, எது துரைக்கு, எது கிளாக்கருக்கு என்று பிரித்துக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். அப்படித்தான் எனக்கு இங்கிலீஷ் பெரிய எழுத்துகள் தெரிந்தன. வார்த்தை தெரியாது, எழுத்து தெரியும்.

அந்த மழைக்காலத்தில் உங்கள் அம்மாவுக்குச் சீதபேதி கண்டது. முதலில் சாதாரண வயிற்றுப்போக்கு என்று நினைத்தோம். மூன்றாம் நாள் சளியும் இரத்தமும் போயிற்று. எங்கள் லயத்தில் அதற்கு முந்தின மழைக்கு அதே நோயில் இரண்டு பேர் போயிருந்தார்கள். அது எல்லோருக்கும் தெரியும். 

தோட்டத்து மருந்துக்கூடத்தில் ஒரு டிஸ்பென்சர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியானவர், என்னைவிட வயது குறைவு. நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. நாங்கள் 'டாக்டரையா' என்றால், "நான் டொக்டர் இல்லைக் காணும், மருந்து கலக்கிறவன்" என்பார். நல்ல மனுஷன். தினமும் லயத்துக்கு வந்து பார்த்தார். முதலில் விளக்கெண்ணெய் கொடுத்தார். பிறகு சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒரு கலவை. பிறகு ஒரு தூள். அதைத் தின்றால் வாந்திதான் வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று அம்மாவுக்கு மட்டுமில்லை, லயம் முழுக்கவும் சொல்லிப் போனார். போக்கு குறையும், மறுநாள் திரும்ப வரும்.

"இன்னும் ஒரு மருந்து இருக்கு," என்றார். "இந்த மாதிரி இழுபடுகிற பேதிக்கு அதுதான் சரி. ஆனால் முடிஞ்சு போச்சு. கொழும்புக்கு எழுதியிருக்கிறன்." அலமாரியில் இருந்த ஒரு வெறும் போத்தலைக் காட்டினார். அடியில் கறுப்பாகக் கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது.

அந்தக் காகிதத்தைத் தபாலில் கொண்டுபோய்ப் போட்டவனே நான்தான். அதற்குப் பிறகு தினமும் கொஸ்லந்தைக் கந்தோரில், "மருந்துக்கூடத்துக்குப் பெட்டி ஏதாச்சும் வந்திருக்குங்களா?" என்று கேட்பேன். "இல்லப்பா" என்பார்கள். பையை வாங்கி அதன் வயிற்றை அமுக்கிப் பார்ப்பேன். போத்தல் தட்டுப்படுகிறதா என்று. காகிதம்தான் சரசரக்கும்.

நோய் கண்டு ஒன்பதாம் நாளும் பெட்டி வரவில்லை. ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு சிங்களத்தி அம்மா தேத்தண்ணிக் கடை வைத்திருந்தது. நான் தினமும் அங்கே ஒரு சிரட்டைத் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் மலை ஏறுவேன். அன்றைக்கு வாங்கிய தேத்தண்ணியைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"தப்பால், என்ன மூஞ்சி?" என்றது அந்த அம்மா. அதற்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த சிங்களமும் ஒரு கைப்பிடிதான். வயிற்றைப் பிடித்துக் காட்டி, ஒன்பது விரலைக் காட்டி, பெண்டாட்டி என்று சொல்லி, எப்படியோ புரிய வைத்தேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னது:

"பெலி கெடியக் தென்ன ஓன. பெலி கெடியக்!"

'தென்ன ஓன' என்றால் கொடுக்க வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும், கடையில் நாள் முழுக்க அந்தப் பேச்சுத்தான். மீதியை நீங்களே பாருங்கள். நாம் பேசும்போது பலத்தைப் பெலம் என்கிறோம், பலனைப் பெலன் என்கிறோம். சாமிக்குக் கொடுக்கிற பலியை? பெலி! ஆட்டுக் கிடாவை? கெடா! பெலி, கெடா, கொடுக்க வேண்டும். இதைவிடத் தெளிவாக ஒரு சிங்களத்தி அம்மா தமிழனிடம் எப்படிச் சொல்ல முடியும்? தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு மலை ஏறினேன். நாலு மைலும் எனக்கு ஞாபகம் இல்லை.

பையை ஆபீசில் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன். மச்சான் வாசலில் வெத்திலை போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், கடைக்கார அம்மா கெடா பெலி குடுக்கணும்னு சொல்லுது!"

மச்சான் துப்ப மறந்து விழுங்கிவிட்டார். "நான் நெனச்சேன். அப்பவே நெனச்சேன்!"

"என்னத்த நெனச்சீங்க?"

"தங்கச்சிக்கு நல்ல எடம் அமைஞ்சா முனியாண்டிக்கு ஒரு கெடா வெட்டுறேன்னு நேந்துகிட்டேன், மச்சான்."

"வெட்டலியே?"

"நல்ல எடந்தானான்னு இன்னும் முடிவாகல. கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம்னு விட்டுட்டேன்."

உள்ளே பாயில் படுத்திருந்த உங்கள் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தாய்வீட்டிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்து வளர்த்த கறுப்புக் கெடா ஒன்று லயத்துக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது. லயத்தில் வேறு யாரிடமும் கெடா இல்லை.

"அண்ணே, யாரு நேந்தது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நாந்தான் தங்கச்சி."

"அப்ப உன் ஆட்ட வெட்டு."

"எங்கிட்ட ஏதும்மா ஆடு?"

"அப்ப உம் மீசைய வெட்டிக் குடு. எங் கெடாப் பக்கம் போனே..." அதற்கு மேல் அவளுக்கு மூச்சு இல்லை.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கண் குழி விழுந்து, உதடு வெடித்து, கை ஈர்க்குச்சியாய்க் கிடந்தது. சண்டைக்கு வந்த தெம்பு அந்த ஒரு நிமிஷத்தோடு போய்விட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "கொண்டு போங்க. எங் கண்ணு முன்னால வேணாம்" என்றாள். அவள் அந்த ஆட்டை விட்டுக் கொடுத்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. தான் பிழைப்போம் என்கிற நம்பிக்கை அவளுக்கே போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

மச்சானுக்கு ஒரு சந்தேகம். "பெலி முனியாண்டிக்கா, இல்ல அந்த அம்மா சொல்ற வேற சாமிக்கா? கீழ்ப் பக்கம் எந்தச் சாமி காவலோ நமக்குத் தெரியாது. மாத்தி வெட்டிட்டா ரெண்டு சாமிக்கும் கோவம் வரும். ஆட்டையும் கொண்டு போங்க. அங்கன்னா அங்க. இங்கன்னா திருப்பிக் கொண்டாங்க."

மறுநாள் காலையில் ஒரு தோளில் தபால் பை, ஒரு கையில் ஆட்டுக் கயிறு. அந்த ஆடு நாலு மைல் வழியில் ஒரு செடியையும் சும்மா விடவில்லை. கந்தோருக்கு நேரம் ஆகிறது என்று நான் இழுக்க, அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். கடைசியில் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"இதையும் தபால்ல அனுப்பப் போறியா?" என்று கேட்டார் கந்தோரில் இருந்தவர். "முத்திரைய எங்க ஒட்டுறது, கொம்புலயா?"

எனக்குச் சிரிக்க முடியவில்லை. பெட்டியைக் கேட்டேன். வரவில்லை.

கடைக்கு வந்தேன். அந்த அம்மா ஆட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "மே மொகத?" என்றது. இது என்ன என்று கேட்கிறது.

"பெலி," என்றேன். "கெடா. எந்தச் சாமிக்கு?"

ஆட்டின் கழுத்தில் கத்தி வைக்கிற மாதிரி கையால் அறுத்துக் காட்டினேன். அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. ஐயோ, பாவம் செய்யச் சொன்னதாகவா நினைத்தாய் என்பது போல ஒரு சத்தம். அப்புறம் சிரிப்பு! விறகுக் குவியல் மேலே உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது. "எளுவா எபா! எளுவா எபா!" என்றது. எபா என்றால் வேண்டாம். எளுவா ஆடாக இருக்க வேண்டும். அப்படியானால் பெலி?

என் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. அங்கே ஒரு மரம். ஒரு கொம்பை வளைத்து, அதில் தொங்கிய உருண்டைக் காயைத் தட்டிக் காட்டியது.

"பெலி! பெலி கெடி!"

நான் காயைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தேன். ஒரு காம்பில் மூன்று இலை! முள் இருந்தது. இலையைக் கிள்ளி முகர்ந்தேன். சிவராத்திரிக்கு எங்கள் அய்யா, அதாவது உங்கள் தாத்தா, எங்கிருந்தோ வாங்கிக் கொண்டுவந்து பூசைக்கு வைக்கிற அதே வாசம்!

"இது வில்வம்மா!" என்று கத்தினேன். "வில்வம்!"

"பெலி" என்றது அந்த அம்மா.

"வில்வம்!"

"பெலி!"

இரண்டு பேரும் மரத்தடியில் நின்று இப்படி ஏலம் போட்டுக்கொண்டிருந்தோம். அதற்குள் ஆடு கடையில் இருந்த வாழைப்பழத்தில் பாதியைத் தின்றுவிட்டது.

எங்கள் தோட்டத்துக் குளிருக்கு வில்வம் வளராது. இலையைச் சாமி காலடியில்தான் கண்டிருக்கிறோம். காயை யாரும் தின்று நான் பார்த்ததில்லை. மரத்தடியில் மஞ்சளாய் ஒரு பழம் விழுந்து கிடந்தது, மணம் ஆளைத் தூக்கியது. அதை எடுக்கக் குனிந்தேன். அந்த அம்மா என் கையில் ஓர் அடி வைத்தது. பழத்தைக் காட்டி, வயிற்றிலிருந்து கீழே தண்ணீர் ஓடுகிற மாதிரி விரலை ஆட்டியது. பழம் தின்றால் பேதியாகும்! பிறகு பச்சை மாறாத, முற்றிய காயைக் காட்டி, முஷ்டியை இறுக்கி மூடிக் காட்டியது. காய் கட்டும். ஒரே மரம், ஒரே காம்பு. பழுத்தால் ஒரு வேலை, பழுக்காவிட்டால் அதற்கு எதிர் வேலை! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பிள்ளைகளே.

ஆறு காயைத் துண்டில் கட்டிக்கொண்டு, ஆட்டையும் இழுத்துக்கொண்டு ஏறினேன். சாமி மரத்துக் காயைப் பெண்டாட்டிக்குக் கொடுக்கலாமா, கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. டிஸ்பென்சரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மருந்துக்கூடம் திறந்திருந்தது. அவர் லயங்களைப் பார்க்கப் போயிருந்தார். ஆட்டைக் கட்டிவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். எதிரே அலமாரி. அந்த வெறும் போத்தல் அங்கேயே இருந்தது. தினமும் பார்த்த போத்தல்தான், எழுத்தைப் படித்ததில்லை. அன்றைக்குச் செய்ய வேறு வேலை இல்லாததால் படித்தேன். ஈ, எக்ஸ், டி. ஒரு புள்ளி. பிறகு பி. பிறகு ஈ. பிறகு எல்.

பி, ஈ, எல்... பெல்.

வாங்கிலிருந்து எப்போது எழுந்தேன் என்று தெரியாது. போத்தலைக் கையில் எடுத்தேன். பெல்லுக்குப் பிறகு ஏ. பெல... பெலா... பெலி! ஒரு கையில் போத்தல், ஒரு கையில் காய். மூக்கை விட்டுப் போத்தலை முகர்ந்தேன். காயில் நகத்தால் கீறி அதையும் முகர்ந்தேன். திரும்பப் போத்தல். திரும்பக் காய்.

டிஸ்பென்சர் உள்ளே வந்தார். "என்ன காணும் செய்யிறீர்? போத்தலை வையும்!"

"ஐயா, இதுல எழுதியிருக்கிறது பெலியா?"

"என்ன பெலி?"

"பி, ஈ, எல்! சிங்களத்துல இந்தக் காய் பெலிங்க! நம்ம வில்வங்க ஐயா! கொழும்புக்கு எழுதின மருந்து இந்தக் காய்தானான்னு பாருங்க!"

அவர் காயை வாங்கினார். போத்தலைப் பார்த்தார். ஓடிப்போய் மேசையிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. வாய்க்குள்ளேயே படித்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முருகா! எங்கட கோயில் வீதியிலை நிக்கிற வில்வமோ இது! எத்தினை தரம் அந்த மரத்துக்குக் கீழை படுத்துக் கிடந்திருப்பன்! புத்தகத்திலை பேரைப் பாடமாக்கினன், போத்தலைக் கண்டனான், காயைக் காணேல்லை, காணும்! காய் கப்பலிலை சீமைக்குப் போய், மருந்தாகிக் கப்பலிலை வருகுதாம், இஞ்ச மரம் கிடக்கு!"

நினைத்துப் பாருங்கள். இத்தனை நாளாக நான் எதைத் தேடிப் பையை அமுக்கிக்கொண்டிருந்தேனோ, அது நான் தேத்தண்ணி குடிக்கிற கடைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது! சிங்களத்தி அம்மாவுக்குப் பெயரும் குணமும் தெரியும். டிஸ்பென்சருக்குப் போத்தலும் புத்தகமும் தெரியும். எனக்கு இலை தெரியும்.

அவர் காயைக் கல்லில் தட்டி உடைத்து, ஓர் இரும்புக் கத்தியால் சதையை அறுத்தார். இரண்டு நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தியின் வாய் நீலம் பாய்ந்து கறுத்தது. சதையிலும் கத்தி பட்ட இடத்தில் மை பூசின மாதிரி ஒரு கோடு!

"பேய் பிடிச்ச மாதிரி முழிக்காதையும். துவர்ப்பு. இங்கிலீசிலை டானின் எண்டு சொல்லுறது. இரும்பிலை பட்டால் மையாகும்." பிறகு தான் குடித்து வைத்திருந்த தேத்தண்ணியில் மிச்சத்தை ஒரு துருப்பிடித்த ஆணியின் மேலே ஊற்றினார். அதுவும் கறுத்தது!

"நம்ம தேயிலையிலயும் இதே சத்துங்களா?"

"ஓம் காணும். கொழுந்து பறிக்கிற ஆக்களின்ரை விரல் ஏன் கறுத்துக் கிடக்கு? பாக்குவெட்டி ஏன் கறுக்குது?"

எங்கள் அய்யாவின் ஊரில் ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்துவார்களாம். அதுவும் துவர்ப்புத்தானா என்று கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அதே சங்கதிதான்! தோலை இறுக்குகிற மாதிரிக் குடலிலை புண்பட்ட இடத்தை இறுக்கும். இது ஒண்டு." விரலைக் காயின் விதைக்குழியில் விட்டு எடுத்தார். நூல் நூலாகப் பிசின் வந்தது. "இது ரெண்டாவது. புண்ணுக்கு மேலை பூச்சு மாதிரிப் படியும். எரிச்சலை ஆத்தும்." நீங்கள் பட்டம் ஒட்டினீர்களே, அந்தப் பிசின்தான்! "பழுத்தால் துவர்ப்புக் குறையும், இனிப்பு ஏறும். அப்ப இளக்கும். அந்த மனிசி சொன்னது சரி."

"மணம் எதுக்குங்க?"

"அதிலையும் ஏதோ சத்து இருக்கத்தான் வேணும். இந்தப் புத்தகத்திலை இல்லை. இருந்தால் உமக்குச் சொல்லமாட்டனோ?"

தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதனால்தான் அவர் மற்றதைச் சொன்னபோது நான் நம்பினேன்.

சதையை அவரே நறுக்கி, கொதிக்க வைத்து, துணியில் வடித்துக் கொடுத்தார். அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையும் தந்தார். "பொங்கி வழிய ஊத்திக் குடுக்காதையும். கோடு வரைக்கும்தான். தண்ணி கொதிச்ச தண்ணி. விளங்குதோ?"

உங்கள் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். நான் சொன்ன வேகத்துக்கு அவளுக்குப் பாதி விளங்கவில்லை. ஆடு திரும்பி வந்ததுதான் முதலில் கண்ணில் பட்டது. பிறகு குவளையை முகர்ந்துவிட்டு, "சாமி காயவா குடிக்கச் சொல்றீங்க?" என்றாள்.

"இலைதான் சிவனுக்கு. காய் மனுசருக்குன்னு டாக்டரையா சொல்றாரு. அவரே பட்டை பட்டையா திருநீறு பூசுறவரு."

"உள்ள போயி என்ன செய்யும்?"

"தோலப் பதம் போடுற மாதிரி குடல இறுக்கும்."

"பதம் போட்டு? செருப்பு தைக்கவா?"

மச்சான் வாசலில் நின்று சிரித்தார். "தைச்சா எனக்கு ஒரு சோடி, தங்கச்சி!" அவளும் சிரிக்கப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டாள். "துவர்க்குது. ஆனா வழவழன்னு எறங்குது," என்றாள்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. நான் வேலையில் இருந்தாலும் மனம் அங்கேயே கிடந்தது. இரண்டாம் நாள் போக்கு பாதியாயிற்று. அதற்கு முன்பும் இப்படிக் குறைந்து திரும்பியிருக்கிறது என்பதால் யாரும் அதை நம்பவில்லை. மூன்றாம் நாள் இரத்தம் நின்றது! மச்சான் லயம் முழுக்க ஓடி ஓடிச் சொன்னார். அதை ஏன் ஊரெல்லாம் சொல்கிறாய் என்று அம்மா பாயில் இருந்தபடியே அவரைத் திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு மேளச்சத்தம் போல இருந்தது.

அன்றைக்குத்தான் கொஸ்லந்தையில் பெட்டியும் வந்திருந்தது. தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். டிஸ்பென்சர் ஆணியைப் பிடுங்கி, வைக்கோலை விலக்கிப் புதுப் போத்தலை எடுத்தார். ஒரு துளி என் நாக்கில் வைத்தார். பிறகு நம் காய் வடித்த தண்ணீர் ஒரு துளி. ஒரே துவர்ப்பு! போத்தலில் சாராய நெடி கொஞ்சம் இருந்தது, மணம் செத்திருந்தது. "எதைக் குடுப்பம்?" என்று என்னையே கேட்டார். என் வாழ்க்கையில் ஒரு படித்த மனுஷர் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. "நம்ம காயே இருக்கட்டும் ஐயா, வேலை செய்யிறதை ஏன் மாத்தணும்?" என்றேன். "சரி," என்றார்.

காய் மட்டும்தான் அவளைக் காப்பாற்றியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கொதித்த தண்ணீருக்கு ஒரு பங்கு உண்டு, அவர் முன்பு கொடுத்த தூளுக்கும் இருக்கலாம். உங்களுக்கு வயிறு சரியில்லை என்றால் மரத்தில் ஏறாமல் முதலில் என்னிடம் சொல்லுங்கள். ஆனாலும் குடல் புண் ஆறுகிற மாதிரி ஒரு காய்க்குள் துவர்ப்பையும் பிசினையும் பக்கத்தில் பக்கத்தில் யார் வைத்தார் என்று நினைத்தால் இன்றைக்கும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது.

ஆறாம் நாள் பகல். நான் மலை ஏறி வந்து பையைப் போட்டுவிட்டுக் காம்பராவுக்குப் போனேன். பாய் சுருட்டிச் சுவரில் சாத்தியிருந்தது. யாருமில்லை. வெளியே ஓடி வந்தால், உங்கள் அம்மா அடுப்பங்கரைச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றாள்! இரண்டு வாரத்துக்குப் பிறகு இரண்டு காலில் நின்றாள்.

"என்ன அப்பிடிப் பாக்குறீங்க? பசிக்குது."

"கஞ்சி வைக்கவா?"

"கஞ்சி கஞ்சின்னு கஞ்சிய ஊத்தி என்னையே கஞ்சியாக்கிட்டீங்க. சோறு வேணும். கருவாடு சுடணும்."

கருவாடு கொடுக்கலாமா என்று கேட்க மருந்துக்கூடத்துக்கு ஓடினேன். டிஸ்பென்சர் யாருக்கோ புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்க வந்ததைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. "என்ன? என்னாச்சு?"

"கருவாடு கேக்குதுங்க ஐயா!"

அவர் கட்டுத்துணியைக் கையில் பிடித்தபடியே சிரித்தார். "குழைஞ்ச சோறு. கருவாடு விரல் அளவு. அதுக்கு மேலை வேண்டாம்."

விரல் அளவுக்கு நான் என் விரலைக் காட்டினேன். உங்கள் மாமா தன் கட்டைவிரலைக் காட்டினார், அதுதான் தோட்டத்திலேயே பெரியது. அந்த அளவுக்குச் சுட்டோம். உங்கள் அம்மா சோற்றைப் பிசைந்து, கருவாட்டைக் கிள்ளிக் கிள்ளி வைத்துத் தின்றாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரே குந்திக்கொண்டு, ஒவ்வொரு உருண்டையும் அவள் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தின்று முடித்து, ஐந்து விரலையும் நக்கிவிட்டு, காலித் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இன்னொரு வெரல் அளவு இருக்கா?"